எலக்ட்ரான் கற்றையும் வினையூக்கியும் சேர்ந்தால் ஆலைக் காற்று சுத்தமாகுமா?

அடுப்பங்கரி

வணக்கம் நண்பர்களே. பூச்சுப் பிரிவு உள்ள ஆலை ஒன்றில் சுற்றுச்சூழல் வேலை பார்க்கிறேன். எங்கள் வெளியேற்றக் காற்று மணிக்குச் சுமார் 50,000 கன மீட்டர். உள்ளே இருப்பது பூச்சுக் கரைப்பான்களின் ஆவி: பெரும்பாலும் டொலுவீன், கொஞ்சம் சைலீன். வேலை மும்முரமாக ஓடும்போது 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) வரை ஏறும். மற்ற நேரமெல்லாம் 20, 30 பிபிஎம்தான். இப்போதைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் படுகையை வைத்து ஓட்டுகிறோம். கரியை மாற்றி மாளவில்லை.

கருவி விற்க வந்த ஒருவர், காற்றில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அதன் பின்னால் வினையூக்கி வைத்தால் 95 சதவீதம் போய்விடும், சூடாக்கவே தேவையில்லை என்கிறார். கதிர்வீச்சு என்றதும் எங்கள் மேலாளருக்கு முகம் மாறிவிட்டது. எனக்கோ பயம் இல்லை, குழப்பம்தான். கற்றையே எல்லாவற்றையும் உடைத்துவிடும் என்றால் வினையூக்கி எதற்கு? வினையூக்கி போதும் என்றால் கற்றை எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்னல்கொடி

முதலில் மேலாளரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். இந்த வேலைக்குப் பயன்படும் முடுக்கிகள், அதாவது எலக்ட்ரானுக்கு வேகமேற்றிக் கற்றையாக்கும் கருவிகள், பெரும்பாலும் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இயங்குபவை. இந்த ஆற்றலில் காற்றோ உலோகமோ கதிரியக்கம் பெறாது. உள்ளே கதிரியக்கப் பொருளும் கிடையாது. ஸ்விட்சை அணைத்தால் கதிர்வீச்சும் நின்றுவிடும். ஓடும்போது எலக்ட்ரான் உலோகத்தில் மோதி எக்ஸ் கதிர் எழும். அதற்குத்தான் கான்கிரீட்டோ ஈயமோ மறைப்பு. கதவைத் திறந்தால் தானாக நிற்கும் பூட்டு இல்லாமல் யாரும் உரிமம் தரமாட்டார்கள்.

இது புதுச் சரக்கும் இல்லை. 1970களின் தொடக்கத்திலேயே ஜப்பானில் எபாரா நிறுவனமும் ஜப்பான் அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனமும் இதில் இறங்கிவிட்டன. அப்போதைய குறி கரைப்பான் ஆவி அல்ல, கொதிகலன் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். புகையை 60, 70 டிகிரிக்குக் குளிரவைத்து, ஈரமாக்கி, அம்மோனியா கலந்து கற்றைக்குள் விடுவார்கள். அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் தூளாக விழும். பிடித்து உரமாக்கலாம். சீனாவில் செங்டுவில் 1997இல் மணிக்கு 3,00,000 கன மீட்டர் அளவில் ஒன்று வந்தது. போலந்தில் ஷ்செசின் நகரின் போமோர்சானி மின்நிலையத்தில் 2,70,000 கன மீட்டருக்கு 4 முடுக்கிகள் வைத்தார்கள்; கற்றைத் திறன் மொத்தம் 1 மெகாவாட்டுக்கு மேல். கந்தக டை ஆக்சைடு 95 சதவீதம் வரையிலும், நைட்ரஜன் ஆக்சைடுகள் 70 சதவீதம் வரையிலும் குறைந்தன.

ஆக, பெரிய அளவில் ஓடுமா என்ற சந்தேகம் வேண்டாம். டொலுவீனுக்கு ஒத்துவருமா என்பது வேறு கதை. அதை வேதியியல்காரர்கள் சொல்லட்டும்.

சந்தேகப்பேர்வழி

"95 சதவீதம், சூடாக்கவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நான் பாக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

கணக்குப் போடுவோம். கற்றையிலிருந்து பொருளில் சேரும் ஆற்றலை டோஸ் என்பார்கள். அதன் அலகு கிரே. 1 கிலோ பொருளில் 1 ஜூல் சேர்ந்தால் 1 கிரே. 10 கிலோகிரே என்றால் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் 10 கிலோஜூல். 50,000 கன மீட்டர் காற்று ஏறத்தாழ 64,500 கிலோ. ஆக காற்றில் சேர வேண்டியது மட்டும் சுமார் 180 கிலோவாட். மின்மாற்றி, முடுக்கியிலிருந்து கற்றை வெளியே வரும் ஜன்னல் தகடு, எதிர்ச்சுவர் என்று வழியில் இழப்பு உண்டு. மூன்றில் இரண்டு பங்கு போய்ச் சேர்கிறது என்று தாராளமாகவே வைத்தாலும் மீட்டரில் 270 கிலோவாட் ஓடும்.

இப்போது பழைய முறை. வெப்பத்தைத் திரும்பப் பிடிக்கும் எரிப்பான், அதாவது ஆர்டிஓ. காற்றை 800 டிகிரி அளவுக்கு ஏற்றி, 95 சதவீத வெப்பத்தை மீட்டால் இழப்பு சுமார் 750 கிலோவாட். ஆனால் 200 பிபிஎம் டொலுவீன் என்றால் மணிக்கு 41 கிலோ. அது எரிந்தே 460 கிலோவாட் தந்துவிடும். மிச்சம் 290தான் எரிவாயு. அனல் நிலையத்தில் 270 கிலோவாட் மின்சாரம் செய்ய அதைப்போல இரண்டரை மூன்று மடங்கு எரிபொருள் போகும். அதையும் சேர்த்தால் கற்றைதான் அதிகம் குடிக்கிறது. இதில் சிக்கனம் எங்கே இருக்கிறது?

அடுப்பங்கரி

சார், 200 பிபிஎம் எப்போதாவதுதான். 25 பிபிஎம் என்று போட்டுப் பாருங்களேன்.

சந்தேகப்பேர்வழி

25இல் டொலுவீன் தரும் வெப்பம் 58 கிலோவாட்டுக்குச் சுருங்கிவிடும். எரிப்பானுக்கு 690 கிலோவாட் வெளியிலிருந்து ஊற்ற வேண்டும். அங்கே கற்றைக்கு வாய்ப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதுவும் 10 கிலோகிரேயை விடக் குறைந்த டோஸில் வேலை முடிந்தால்தான்.

வேதிப்பித்தன்

சந்தேகப்பேர்வழி கடைசி வரியில் சொன்னதுதான் இந்த விஷயத்தின் மையம். டோஸைக் குறைக்கத்தான் வினையூக்கி. ஏன் என்று பார்ப்போம்.

எலக்ட்ரான் நேராகப் போய் டொலுவீன் மூலக்கூறை உடைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கற்றை ஆள் பார்த்து அடிக்காது. காற்றில் பத்து லட்சத்தில் 25 மூலக்கூறுதான் டொலுவீன். மற்றதெல்லாம் நைட்ரஜன், ஆக்சிஜன், நீராவி. ஆற்றல் முழுவதும் இவற்றின் மேல்தான் விழும். காற்றில் ஒரு அயனி இணை உண்டாகச் சராசரியாக 34 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். அந்த அயனிகளிடமிருந்து மின்னூட்டம் நீர் மூலக்கூறுகளுக்குக் கைமாறி ஹைட்ராக்சில் ரேடிக்கல், அதாவது எதையும் சட்டெனத் தாக்கும் OH துண்டு, பிறக்கிறது. ஆக்சிஜன் அணுக்களும் வரும். அவை ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகும். டொலுவீனைத் தாக்குவது முக்கியமாக அந்த ஹைட்ராக்சில்தான்.

எத்தனை ரேடிக்கல் கிடைக்கும்? 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 5 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 10 கிலோகிரேயில் ஒரு கிலோ காற்றுக்கு 5 மில்லிமோல் சொச்சம். ஒரு கிலோ காற்று சுமார் 34.5 மோல். வகுத்தால் 150 பிபிஎம். அவ்வளவுதான் உங்கள் கையிருப்பு.

டொலுவீன் முழுசாக எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆக, ஒரு மூலக்கூறுக்கு 18 ஆக்சிஜன் அணு வேண்டும். காற்றின் ஆக்சிஜனும் இடையில் புகுந்து பெரும்பங்கு வேலையைச் செய்யும் என்பதால் 18 ரேடிக்கல் தேவைப்படாது. ஆனாலும் ஒன்றிரண்டில் முடியாது. 200 பிபிஎம் இருக்கும்போது 150 பிபிஎம் ரேடிக்கலால் முதல் அடியைக்கூட எல்லாருக்கும் கொடுக்க முடியாது. போதாக்குறைக்கு, உடைந்த துண்டுகளும் ரேடிக்கலுக்குப் போட்டி போடும். 25 பிபிஎம்மில் கதை வேறு: முதல் அடி தாராளமாகக் கிடைக்கும், அடுத்த சில அடிகளும் கிடைக்கும், முழுசாக முடிவதுதான் கிடைக்காது. வழியில் பென்சால்டிஹைடு, பென்சைல் ஆல்கஹால், கரிம அமிலங்கள், கார்பன் மோனாக்சைடு, கூடவே ஒட்டும் தன்மையுள்ள நுண்துளிகள் என்று நிற்கும்.

அந்த 95 சதவீதம் எதில் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். டொலுவீன் காணாமல் போனதிலா, கார்பன் டை ஆக்சைடு வந்ததிலா? இரண்டுக்கும் நடுவில் ஏகப்பட்ட தூரம் இருக்கிறது.

நீலவாணி

நான் வினையூக்கிப் பக்கத்தில் ஆய்வு செய்கிறேன். வேதிப்பித்தன் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

கற்றை இரண்டு நல்ல காரியம் செய்கிறது. ஒன்று, கடினமான பென்சீன் வளையத்தைத் திறந்து, எளிதில் எரியும் துண்டுகளாக்குகிறது. டொலுவீன் பிளாட்டினத்தின் மேல் எரியவே 150, 200 டிகிரி கேட்கும். ஃபார்மால்டிஹைடு போன்ற சின்ன மூலக்கூறோ நல்ல பிளாட்டினம், டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) கலவையில் அறை வெப்பத்திலேயே எரிந்துவிடும். இரண்டாவது, கற்றை உண்டாக்கிச் சும்மா வீணாகப் போகும் ஓசோன். மாங்கனீஸ் ஆக்சைடு அதை உடைத்து, தன் மேற்பரப்பில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒட்டியிருக்கும் கரிமத் துண்டை அந்த அணு எரிக்கும். புகைபோக்கியில் ஓசோன் வெளியேறும் தொல்லையும் அதோடு தீர்ந்தது.

தென் கொரிய ஆய்வுக் குழுக்கள் இந்தக் கூட்டணியை டொலுவீன் போன்றவற்றில் நிறையவே சோதித்திருக்கின்றன. பிளாட்டினம், பல்லேடியம், தாமிரம், மாங்கனீஸ் எல்லாம் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மேலோ தேன்கூட்டுப் பீங்கான் மேலோ பூசி. கற்றை மட்டும் இருப்பதைவிடச் சேர்ந்திருக்கும்போது பலன் கூடுகிறது என்பதில் தகராறு இல்லை. என் கேள்வி வேறு. வினையூக்கியைக் கற்றைக்குள்ளேயே வைத்தால் இன்னும் நல்லதில்லையா? ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே மேற்பரப்பும் இருக்குமே. டைட்டானியா என்றால் வினையைத் தூண்டும் எலக்ட்ரான், துளை (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) இணைகளும் கிடைக்கும்.

மின்னல்கொடி

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். 800 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் காற்றில் இரண்டரை, மூன்று மீட்டர் ஓடும். நீர் அடர்த்தியுள்ள பொருளில் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆற்றல் பங்கீடு கிட்டத்தட்ட நிறையைப் பொறுத்தது. வினையூக்கிக் குண்டுமணிகளின் படுகையை உள்ளே வைத்தால், அந்த இடத்தில் விழும் ஆற்றலில் இடுக்குகளிலுள்ள வாயுவுக்குக் கிடைப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. மீதியெல்லாம் அலுமினாவைச் சூடாக்கும். அதுவும் மேல் அடுக்கு சில மில்லிமீட்டரை மட்டும். அடியிலுள்ள படுகை கற்றையைப் பார்க்கவே பார்க்காது.

டைட்டானியாவில் இணைகள் பிறக்கும், உண்மைதான். பெரும்பாலானவை மேற்பரப்புக்கு வருமுன் தங்களுக்குள்ளேயே சேர்ந்து அழிந்துவிடும். அந்த வேலைக்கு 388 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா விளக்கே போதுமே, முடுக்கி எதற்கு?

உள்ளே வைத்தே தீருவேன் என்றால், வாயுவைக் கடந்து மிச்ச எலக்ட்ரான் போய் முட்டும் எதிர்ச்சுவரில் மெல்லிய பூச்சாக வையுங்கள். எப்படியும் அங்கே வீணாகும் ஆற்றல்தான். நான் பார்த்தவரை பின்னால் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நீலவாணி

நன்றி அக்கா, அந்த நிறைக் கணக்கு கண்ணைத் திறந்தது. சின்ன ஆய்வுக்கூட உலையில் கற்றைக்கு வெளியிலும் உள்ளேயும் வைத்து ஒப்பிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது, வாயுவுக்குப் போன டோஸைத் தனியாக எப்படி எடுத்தார்கள் என்று இனி முதலில் தேடுவேன்.

அப்படியானால் பின்னால் வைக்கும்போது வினையூக்கியை எட்டுவது ஓசோனும் நிலைத்த துண்டுகளும் மட்டும்தான். ஹைட்ராக்சில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பயணிக்காது.

சந்தேகப்பேர்வழி

இதோ மாட்டிக்கொண்டீர்கள். வினையூக்கிக்கு வந்து சேர்வது ஓசோன்தான் என்றால், ஓசோன் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி மாங்கனீஸ் படுகைக்கு முன்னால் ஊதிவிட்டால் போயிற்று. முடுக்கி, கான்கிரீட் அறை, உரிமம் எதுவும் வேண்டாம்.

வேதிப்பித்தன்

நியாயமான கேள்வி. சின்ன ஓட்டங்களில் அதையே செய்வேன் நானும். மாங்கனீஸும் ஓசோனும் சேர்ந்த முறை நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால் 50,000 கன மீட்டரில் கொஞ்சம் யோசிக்கணும். ஓசோன் வாயு நிலையில் டொலுவீனைத் தொடவே தொடாது. வளையத்தைத் திறக்கும் வேலையும் மேற்பரப்பின் தலையில் விழும். ஓர் ஓசோன் ஓர் ஆக்சிஜன் அணு தருகிறது என்று வைத்தால், 25 பிபிஎம் டொலுவீனுக்கு 450 பிபிஎம் ஓசோன் கேட்கும். ஜெனரேட்டருக்கு உலர்ந்த சுத்தமான காற்றோ ஆக்சிஜனோ வேண்டும். கற்றை அழுக்குக் காற்றிலும் ஈரக் காற்றிலும் நேரடியாக வேலை செய்கிறது, அழுத்த இழப்பும் இல்லை. மின்முனைகளுக்கு நடுவே மின்னிறக்கத்தால் காற்றை அயனியாக்கும் பிளாஸ்மா உலையும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் எலக்ட்ரானின் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான். மின்முனை இடைவெளியும் சின்னது. பெரிய குழாயில் பரவலாக ஆற்றலைக் கொட்ட கற்றைக்கு ஈடில்லை.

ஆனால் இதே கணக்கு கற்றையையும் கடிக்கும். 5 கிலோகிரேயில் கிடைக்கக்கூடிய ஓசோன் நூறு பிபிஎம்மைத் தொட்டாலே பெரிது. 450 எங்கே, 100 எங்கே? ஆகவே, அறை வெப்பத்தில் 25 பிபிஎம் டொலுவீனை முழுசாக முடிப்போம் என்ற பேச்சை நான் நம்பமாட்டேன். வினையூக்கி 100, 150 டிகிரியில் இருந்தால் காற்றின் ஆக்சிஜனே துண்டுகளை எரிக்கும், அப்போது கணக்கு நேராகும். கற்றை தானாகத் தரும் சூடு, 10 கிலோகிரேக்கு 10 டிகிரிதான்.

சந்தேகப்பேர்வழி

ஆக, "சூடாக்கவே வேண்டாம்" போயிற்று. சூடாக்க வேண்டும் என்றானபின் இன்னொன்றும் சொல்லட்டுமா? கற்றையே இல்லாமல், 95 சதவீத வெப்பமீட்போடு 300 டிகிரியில் பிளாட்டினம் ஓடவிட்டால் இழப்பு 250 கிலோவாட்தான். ஆர்சிஓ என்பார்கள், தெரிந்த சமாச்சாரம், சந்தையில் ரெடியாகக் கிடைக்கும். இன்னும் சிக்கனம் வேண்டுமானால் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் பூசிய சுழல் சக்கரத்தில் டொலுவீனைப் பிடித்து, பத்து மடங்கு குறைந்த காற்றில் சூடாக வெளியேற்றி, அதை மட்டும் எரிக்கலாம். அடுப்பங்கரியின் செறிவு ஏறி இறங்குவதற்கும் அதுவே பொருத்தம். இதை எதிர்த்து முடுக்கி எதைக் காட்டும்?

மின்னல்கொடி

டொலுவீன் மட்டும்தான் பிரச்சினை, காற்று சுத்தம், ஈரம் குறைவு என்றால் நானே சக்கரத்தைத்தான் சொல்வேன். இந்தக் கூட்டணிக்கு இடம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே புகையில் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, கரிம ஆவி மூன்றும் இருந்தால், சக்கரமும் பிளாட்டினமும் திணறும். கற்றை மூன்றையும் ஒரே அறையில் தொடும். குப்பை எரிப்பான் புகை இன்னொரு இடம். ஜப்பானில் தகாசாகி பக்கம் ஓர் எரிப்பானின் புகையில், 200 டிகிரியில், 14 கிலோகிரேயில் டையாக்சின் என்ற கொடிய நச்சு 90 சதவீதத்துக்கு மேல் சிதைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். நானோகிராம் கணக்கில் இருக்கும் பொருள் அது. எரிப்பானோ சக்கரமோ வைத்து அதைத் துரத்துவது எளிதல்ல. கப்பல் டீசல் புகையிலும் 2019இல் ரீகாவில் ஓர் இழுவைக் கப்பலை வைத்து, கற்றையோடு நீர்க்கழுவியை இணைத்துச் சோதித்தார்கள். பாருங்கள், அங்கே துணைக்கு வந்தது வினையூக்கி அல்ல, தண்ணீர்.

வேதிப்பித்தன்

தண்ணீர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. டிரைகுளோரோஎத்திலீன், டெட்ராகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கரைப்பான்கள் கற்றைக்குச் செல்லப்பிள்ளைகள். ஒன்று உடைந்தால் குளோரின் அணு வெளியே வந்து அடுத்ததைத் தாக்கும். சங்கிலி போல ஓடும். மிகக் குறைந்த டோஸிலேயே காலி. டொலுவீனில் இந்தச் சங்கிலி கிடையாது.

ஆனால் டிரைகுளோரோஎத்திலீன் போன இடத்தில் நிற்பது டைகுளோரோஅசிட்டைல் குளோரைடும் ஃபாஸ்ஜீனும். ஃபாஸ்ஜீன் எப்பேர்ப்பட்ட விஷவாயு என்று சொல்லத் தேவையில்லை. கரைப்பானை மட்டும் அளக்கும் கருவி "99 சதவீதம் போச்சு" என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும்! இதற்குப் பின்னால் மாங்கனீஸ் வைத்தால் குளோரின் அதைக் கெடுத்துவிடும். புகையைக் காரநீரால் கழுவும் காரக் கழுவிதான் சரி. இரண்டு பொருளும் நீரில் சிதையும். எந்த மாசு என்று தெரியாமல் "கற்றை + வினையூக்கி" என்று பொதுவாக விற்பவரிடம் ஜாக்கிரதை.

துருப்பிடித்தவன்

பராமரிப்புக்காரன் பேசலாமா? நீங்கள் எல்லோரும் வேதியியல் பேசுகிறீர்கள், எனக்கு ஜன்னல்தான் கண்ணில் நிற்கிறது.

முடுக்கிக்குள் வெற்றிடம், வெளியே அழுக்குப் புகை. நடுவில் சில பத்து மைக்ரான் தடிமனில் டைட்டானியம் தகடு. எலக்ட்ரான் கடக்கும்போது அதில் சூடு ஏறும், காற்று ஊதிக் குளிரவைக்கணும். பின்பக்கம் புகையில் கற்றை உண்டாக்கும் நைட்ரிக் அமிலம். சுத்தமான காற்றில் பாய்ச்சினாலே நைட்ரஜன் ஆக்சைடும் ஈரமும் சேர்ந்து அமிலமாகும். முடுக்கி அறைகளில் துரு பிடிக்காத எஃகுக்குப் பதில் சாதாரண எஃகை வைத்தால் தின்றுவிடும். தகடு கிழிந்தால் வெற்றிடம் போச்சு, உற்பத்தியும் போச்சு. இரண்டு தகடு வைத்து நடுவில் காற்று ஓட்டும் அமைப்பைக் கேளுங்கள்; புகை நேராக முடுக்கித் தகட்டைத் தொடாது.

அப்புறம் வேதிப்பித்தன் சொன்ன ஒட்டும் நுண்துளி. டொலுவீன் கற்றையில் பழுப்புப் பிசினாகப் படியும். அது தகட்டில் படிந்தால் அங்கேயே சூடு ஏறும். தேன்கூட்டில் படிந்தால் துளைகள் அடைபடும். வினையூக்கிக்கு முன்னால் வடிகட்டி இல்லாத வரைபடத்தை நான் கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டேன்.

அடுப்பங்கரி

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன்: எங்கள் உலர்த்தும் அடுப்பில் எரிவாயு பர்னர் நேரடியாகக் காற்றில் எரிகிறது. அந்த வாயுவும் இதே குழாயில்தான் கலக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு கொஞ்சம் இருக்கும். அது பாதிக்குமா?

நீலவாணி

நன்றாகவே பாதிக்கும். நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைக் கண்டால் விடாது. உடனே நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி ஓசோனைத் தீர்த்துவிடும். 50 பிபிஎம் நைட்ரிக் ஆக்சைடு இருந்தால் 50 பிபிஎம் ஓசோன் வினையூக்கிக்கு வந்து சேராது. குறைந்த டோஸில் அது கையிருப்பில் பாதியாகக்கூட இருக்கும். போதாததற்கு, நைட்ரிக் அமிலம் மாங்கனீஸ் மேல் நைட்ரேட்டாகப் படிந்து இடங்களை மெல்ல மெல்ல அடைக்கும். ஈரம் அதிகமானாலும் இதேபோல். நீர் மூலக்கூறு உட்கார்ந்துவிட்டால் ஓசோனுக்கு இடமில்லை. 80, 100 டிகிரிக்குச் சூடாக்கினால் நீர் விலகும். நைட்ரேட் விலக இன்னும் அதிகம் வேண்டும்.

முடிந்தால் அடுப்பு வாயுவைத் தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள். உங்கள் மொத்தக் காற்றும் குறையும்.

சந்தேகப்பேர்வழி

பிரித்தபின் இருக்கும் அடுப்பு வாயு சூடாகவே வரும். அதற்குச் சின்ன ஆர்சிஓ, மிச்சத்துக்குச் சக்கரம். முடுக்கியைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டார்கள்.

அடுப்பங்கரி

விலைப்புள்ளி வாங்கும்போது சக்கரத்துக்கும் வாங்குகிறேன் சார். ஆனால் இவர்கள் ஒரு சிறிய நடமாடும் அலகைக் கொண்டுவந்து எங்கள் காற்றிலேயே ஓட்டிக் காட்டுகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசில்லை. வந்தால் எதை அளக்கச் சொல்ல வேண்டும்?

வேதிப்பித்தன்

வரட்டும், நல்லதுதான். கார்பன் கணக்கைக் கேளுங்கள். 25 பிபிஎம் டொலுவீன் முழுசாக எரிந்தால் 175 பிபிஎம் கார்பன் டை ஆக்சைடு கூட வேண்டும். காற்றிலேயே 420க்கு மேல் இருக்கிறது, பர்னரும் ஏற்றும். ஆகவே உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் அளந்து வித்தியாசம் எடுக்கணும். கார்பன் மோனாக்சைடு தனியாக. ஆல்டிஹைடுகள் தனியாக. வடிகட்டித் தாளில் படியும் துளிகளை எடை போட்டுச் சேர்க்கணும். கூட்டினால் உள்ளே போன கார்பனில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கலாம். கிடைக்காத பங்கு வினையூக்கியின் மேல் ஒட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். அது நாளைய தலைவலி.

கற்றையை அணைத்துவிட்டும் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். புது வினையூக்கி முதல் சில மணி நேரம் வெறும் கரிப்படுகை போல டொலுவீனைச் சும்மா பிடித்துவைக்கும். அந்த நேரத்தில் எடுத்த "95 சதவீதம்" கற்றையின் சாதனையே இல்லை. நிரம்பும்வரை காத்திருந்து, பிறகு அளக்கணும். டோஸை 2, 5, 10 கிலோகிரே என்று மாற்றி, ஒவ்வொன்றிலும் வினையூக்கியோடும் இல்லாமலும் எண் வேண்டும். கற்றை தனியே தரும் கார்பன் டை ஆக்சைடு, வினையூக்கி தனியே தருவது இரண்டையும் கூட்டியதைவிடச் சேர்த்து ஓட்டும்போது வருவது அதிகமா? அதிகம் இல்லையென்றால், இரண்டு கருவிக்குக் காசு கொடுத்து ஒரு கருவியின் வேலையை வாங்குகிறீர்கள்.

மின்னல்கொடி

டோஸை எப்படி அளந்தார்கள் என்றும் கேளுங்கள். முடுக்கியின் மின்னோட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்கிக் காற்று ஓட்டத்தால் வகுத்தால், ஜன்னல் இழப்பும் சுவர் இழப்பும் டோஸில் சேர்ந்துவிடும். படல டோஸ்மானியை (டோஸைக் காட்டும் மெல்லிய படலத்தை) அறைக்குள் பல இடங்களில் ஒட்டி எடுத்ததுதான் நிஜம். ஜன்னலுக்குப் பக்கத்தில் அதிகமாகவும் மூலைகளில் சொற்பமாகவும் இருக்கும். மூலை வழியே போகும் காற்று கற்றையையே பார்க்காமல் தப்பித்துவிட்டால், சராசரி டோஸை எவ்வளவு ஏற்றினாலும் நீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டாது.

துருப்பிடித்தவன்

ஓசோன் அளவியை வினையூக்கிக்குப் பின்னால் நிரந்தரமாக மாட்டச் சொல்லுங்கள். மாங்கனீஸ் நல்ல நிலையில் இருக்கும்வரை அங்கே ஓசோன் அநேகமாகப் பூஜ்ஜியம். நைட்ரேட்டோ பிசினோ படிந்து அது தளர ஆரம்பித்தால் முதலில் தெரிவது அந்த முள் எழும்புவதுதான். டொலுவீன் கூடுவதெல்லாம் பிறகு. இன்னொன்று, ஆட்கள் நுழையும் பக்கம் எச்சரிக்கை மணியும் வேண்டும். கற்றை நின்ற உடனே அறைக்குள் போகக் கூடாது. விசிறி ஓடி உள்ளே இருக்கும் ஓசோன் வெளியேறின பிறகுதான் கதவுப் பூட்டு திறக்கணும். அந்தத் தாமதம் பூட்டிலேயே அமைக்கப்பட்டிருக்கிறதா, இல்லை ஆள் பார்த்துத் திறப்பதா என்று சோதனை அலகு வரும் நாளிலேயே நேரில் பாருங்கள்.

அடுப்பங்கரி

குறித்துக்கொண்டேன். அடுப்பு வாயுவைப் பிரிப்பதற்கான குழாய் வரைபடத்தை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கருவி வந்தாலும் அது உதவும். சோதனை ஓட்டம் நடந்தால் கார்பன் கணக்கோடு எண்களை இங்கே போடுகிறேன். வேதிப்பித்தன் சார், வினையூக்கி நிரம்பிவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

வேதிப்பித்தன்

கற்றையை அணைத்த நிலையில் உள்ளே போகும் டொலுவீனும் வெளியே வருவதும் சமமாகணும். அங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.